டெய்லர் அண்ணாச்சியைப் பற்றி எழுத என்ன இருக்கிறது?

கேள்வி: எனக்கு 34 வயது. குரோம்பேட்டையில் இருக்கிறோம். என் அப்பா சங்கரன்கோவிலில் 38 வருஷம் டெய்லர் கடை வைத்திருந்தார். ஜென்ட்ஸ் டெய்லர். பள்ளிக்கூட யூனிஃபார்ம்தான் அதிகம் தைப்பார். வளர்கிற பிள்ளைகளுக்கு இரண்டு அங்குலம் துணியை உள்ளே மடித்து விட்டுத் தைத்து, அடுத்த வருஷம் காசு வாங்காமல் பிரித்து நீட்டிக் கொடுப்பார். ஊரில் எல்லாருக்கும் அவர் டெய்லர் அண்ணாச்சி. போன வருஷம் ஒரு நாள் காலையில் கடை திறக்கக் கிளம்பும்போது நெஞ்சு வலிக்கிறது என்றார். அரை மணி நேரத்தில் போய்விட்டார். பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் அம்மாவை இங்கே அழைத்து வந்துவிட்டேன். இன்னும் ஆறு வாரத்தில் முதல் வருஷத் திதி.

ஓசூரில் இருக்கும் அண்ணன், பேப்பரில் பெரிதாக நினைவஞ்சலி கொடுக்கலாம் என்கிறான். டிசைன் செய்யும் கடையில் 'தியாகச் செம்மலே, பாசத்தின் சிகரமே' என்று எழுதிக் கொடுத்தார்கள். படித்தால் யாரோ ஒருவரைப் பற்றி எழுதியது மாதிரி இருக்கிறது. நானே எழுதி, சின்னப் புத்தகமாக அச்சடித்து, அன்று வருகிறவர்களுக்குக் கொடுக்கலாம் என்று உட்கார்ந்தேன். ஒரு வரி வரவில்லை. அப்பா பெரிய ஆள் இல்லை. ஒரே கடை, ஒரே தெரு. எழுத என்ன இருக்கிறது என்று தோன்றுகிறது. அப்படித் தோன்றுவதே பாவம் என்றும் தோன்றுகிறது. அண்ணன் இன்ஜினியரிங் படிப்பைப் பாதியில் விட்டபோது அப்பா இரண்டு வருஷம் அவனோடு பேசவில்லை. அதையெல்லாம் எழுதலாமா?

அம்மா அப்பாவைப் பற்றிப் பேசுவதே இல்லை. நான் ஆரம்பித்தால் 'விடு பிள்ள' என்று எழுந்து போய்விடுகிறார். புதுப் புடவை எடுத்துக் கொடுத்தேன், கட்டவில்லை. ரவிக்கை தைக்கக் கொடுக்கலாம் என்றால் வேண்டாம் என்கிறார். அம்மாவுக்கு ரவிக்கை தைத்தது இத்தனை வருஷமும் அப்பாதான். மெஷின், கத்தரி, இருபதுக்கு மேற்பட்ட அளவு நோட்டுகள் எல்லாம் ஊர் வீட்டில் கிடக்கின்றன. நோட்டுகளைப் பழைய பேப்பருக்குப் போட்டுவிடலாம் என்கிறான் அண்ணன். கொஞ்ச நாளாக அப்பாவின் குரல் சரியாக நினைவுக்கு வர மாட்டேன் என்கிறது. அதுதான் ரொம்பப் பயமாக இருக்கிறது.

— ஒரு வாசகி, சென்னை

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் ஒரு அவசர வேலை. அண்ணனைக் கூப்பிட்டு, அளவு நோட்டுகளில் ஒன்றைக்கூடப் போட வேண்டாம் என்று இன்றைக்கே சொல்லிவிடுங்கள். ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

அடுத்த அவசரம் குரல். உங்கள் போன், அம்மா போன், அண்ணன் போன் மூன்றிலும் அப்பா அனுப்பிய வாட்ஸ்அப் குரல் செய்திகள் இருக்கின்றனவா என்று தேடுங்கள். 'சாப்பிட்டியா', 'பஸ் ஏறிட்டியா' என்று பத்து நொடி இருந்தாலும் போதும். சொந்தக்காரர்கள் வீட்டுக் கல்யாண வீடியோக்களில் அவர் எங்காவது நின்று பேசிக்கொண்டிருப்பார். அந்தக் காலத்து வீடியோ கேசட்டாக இருந்தால் தள்ளிப்போடாதீர்கள், வருஷம் ஆக ஆக அந்த நாடா கெட்டுப்போகும். டிஜிட்டலாக மாற்றித் தரும் ஸ்டுடியோக்கள் சென்னையில் இருக்கின்றன. கிடைத்ததை எல்லாம் இரண்டு மூன்று இடங்களில் பிரதி எடுத்து வையுங்கள். இதை நான் வருத்தத்தோடு சொல்கிறேன். என் அப்பா பேசிய பதிவுகள் ஒரே ஒரு போனில் இருந்தன. பழுது பார்க்கக் கொடுத்த இடத்தில் எல்லாவற்றையும் அழித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்கள். இன்னமும் அதை நினைத்தால் மனசு அடித்துக்கொள்கிறது.

குரல் மங்குவதற்கும் பாசம் குறைவதற்கும் சம்பந்தமே இல்லை. முகத்துக்குப் போட்டோ இருக்கிறது, போகும்போதும் வரும்போதும் கண்ணில் படுகிறது. குரலுக்கு அப்படி எதுவும் இல்லாததால் அது முதலில் நழுவுகிறது. ஒரு வழி சொல்கிறேன். அப்பாவுக்கென்று சில சொற்கள் இருந்திருக்கும். யாரைத் திட்டினாலும் வாயில் வரும் ஒரு வார்த்தை, போனை எடுத்ததும் சொல்லும் ஒரு வார்த்தை, உங்களைக் கூப்பிட்ட விதம். அவற்றை அப்படியே, ஊர்ப் பேச்சிலேயே எழுதி வையுங்கள், திருத்தாதீர்கள். சொல்லைப் பிடித்தால் பல பேருக்குக் குரலும் கூடவே வந்துவிடுகிறது.

சரி, உங்கள் பெரிய கேள்விக்கு வருகிறேன். அப்பா பெரிய ஆள் இல்லை, எழுத என்ன இருக்கிறது என்கிறீர்கள். அப்படித் தோன்றுவது பாவம் இல்லை. பத்திரிகையில் வரும் இரங்கல் எல்லாம் பதவி, விருது, கட்டிய கட்டடம் என்று இருப்பதைப் படித்துப் பழகிய நமக்கு அந்த அச்சில் அடங்காதவரைப் பற்றி எப்படி எழுதுவது என்று தெரிவதில்லை. ஆனால் உங்கள் கடிதத்திலேயே ஒரு வரி இருக்கிறது. வளர்கிற பிள்ளைகளுக்கு இரண்டு அங்குலம் துணியை உள்ளே விட்டுத் தைத்தார் என்று. அந்த ஒரு வரியில் அவர் எனக்குத் தெரிந்துவிட்டார். ஜூனில் யூனிஃபார்ம் எடுக்கப் பணம் புரட்டும் வீடுகள் எத்தனை என்று அவருக்குத் தெரியும். அடுத்த ஜூனிலும் அந்த வீட்டுக்காரர்கள் புதிதாக எடுக்க வேண்டாம் என்று ஒரு வருஷம் முன்னாலேயே யோசித்துக் கத்தரியை வைத்திருக்கிறார். பிரித்துக் கொடுப்பதற்கும் காசு வாங்கவில்லை. இதைவிட 'தியாகச் செம்மல்' என்ன கூடுதலாகச் சொல்லிவிடும்?

நம் பாட்டிமார்களுக்கு இது தெரிந்திருந்தது. ஒப்பாரி கேட்டிருப்பீர்கள். புருஷனுக்குப் பாடுவது வேறு, அப்பாவுக்குப் பாடுவது வேறு, அண்ணனுக்குப் பாடுவது வேறு. செத்தவர் வாங்கி வந்த பண்டம், நட்ட மரம், நடந்த பாதை என்று கைக்கு எட்டும் பொருளைப் பிடித்துத்தான் அந்தப் பாட்டு போகும். படிப்பு வந்து, நாகரிகம் என்று அதைக் கைவிட்டோம். அந்த இடத்தை டிசைன் கடையின் அடுக்குமொழி பிடித்துக்கொண்டது.

இங்கே ஒன்று சொல்ல ஆசை. கோட்டையூர்க்காரர் ரோஜா முத்தையா, பெயர்ப் பலகை எழுதும் தொழில் செய்தவர். பழைய புத்தகங்களோடு நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை போன்றவற்றையும் விடாமல் சேர்த்தார். அவர் காலமான பிறகு அந்தத் தொகுப்பை வைத்து 1994-ல் சென்னையில் அவர் பெயரில் ஆராய்ச்சி நூலகம் அமைந்தது. இப்போது தரமணியில் இருக்கிறது. தமிழ்நாட்டு வாழ்க்கையைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறவர்கள் தேடி வந்து பார்ப்பது அந்தக் காகிதங்களைத்தான். சாதாரண மனிதர்களின் காகிதம் குப்பை இல்லை என்பதற்காகச் சொன்னேன்.

இனி அம்மா. உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தி வைத்தது ரவிக்கைதான்.

நீங்கள் அதை, அம்மா எல்லாவற்றையும் வெறுத்துவிட்டார் என்று எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். புருஷன் போன பிறகு புதுத் துணி எதற்கு என்ற பழைய எண்ணமும் அதில் இருக்கலாம், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் வேறு ஒன்றும் இருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. கல்யாணமான நாளிலிருந்து அவருக்கு ரவிக்கை தைத்தவர் ஒருவர்தான். அளவு நாடாவைத் தோளில் வைத்தது ஒரே கை. ஊருக்கெல்லாம் ஜென்ட்ஸ் டெய்லராக இருந்தவர், ஒருத்திக்காக மட்டும் ரவிக்கை வெட்டினார். இப்போது குரோம்பேட்டையில் ஏதோ ஒரு கடையில் போய் நின்று இன்னொருவரிடம் அளவு கொடுப்பது என்றால், அந்த அம்மாவுக்கு அது சாதாரணக் காரியம் இல்லை. அளவு ரவிக்கை கொடுத்துவிடலாமே என்று நீங்கள் சொல்லக்கூடும். அந்த அளவு ரவிக்கையும் அப்பா தைத்ததுதான். ஒரு வாரம் அது தெரியாத கடையில் கிடக்கும், திரும்பி வருமா என்று தெரியாது. என் ஊகம் தவறாகவும் இருக்கலாம். அதனால் 'இதனால்தானே வேண்டாம்னு சொல்றீங்க' என்று அம்மாவிடம் போய்க் கேட்டுவிடாதீர்கள். புடவை அலமாரியில் இருக்கட்டும். அவர் எப்போது, யாரிடம், எதைக் கொடுப்பது என்பது அவர் முடிவு.

நீங்கள் அப்பாவை இழந்திருக்கிறீர்கள். அம்மா இழந்தது அப்பாவை அல்ல, தன் வீட்டுக்காரரை. உங்களுக்குத் தெரியாத ஒரு மனிதர் அவர். நீங்கள் பிறப்பதற்கு முன்னால் இருந்தவர், தீபாவளிக்கு முந்தின வாரம் ராத்திரி இரண்டு மணிக்குக் கடையிலிருந்து வந்து சோறு கேட்டவர், கடன் அடைக்க நகையைக் கேட்க முடியாமல் கேட்டவர். இவற்றில் எது நடந்தது என்று எனக்குத் தெரியாது. உங்களுக்கும் முழுதாகத் தெரியாது. 'அப்பாவைப் பத்திச் சொல்லுங்கம்மா' என்று நீங்கள் கேட்கும்போது, உங்கள் அப்பாவைத்தான் கேட்கிறீர்கள். அவர் மனசில் இருப்பதோ வேறு ஆள்.

அதோடு இன்னொரு இழப்பும் சேர்ந்திருக்கிறது. சங்கரன்கோவிலில் அம்மா வாசலில் நின்றால் போகிற வருகிற யாராவது 'அண்ணாச்சி இருந்தா இந்நேரம்...' என்று ஒரு வார்த்தை பேசுவார்கள். அவர் பேச வேண்டியதில்லை, கேட்டாலே போதும். குரோம்பேட்டை அடுக்குமாடியில் அப்பாவைப் பார்த்தவர் ஒருவரும் இல்லை. இங்கே அவர் இன்னார் வீட்டு அம்மா, அவ்வளவுதான். நீங்கள் அழைத்து வந்தது தப்பு இல்லை, பாசத்தில் செய்தீர்கள். ஆனால் அப்பாவின் பெயர் காதில் விழுகிற இடத்திலிருந்து, விழாத இடத்துக்கு அவர் வந்திருக்கிறார் என்பதை நினைவில் வையுங்கள்.

நினைவு நாளுக்கு முந்தின நாள் ராத்திரி கிளம்பி, காரியம் முடிந்ததும் திரும்புவது என்று திட்டம் போட்டிருந்தால் மாற்றுங்கள். ஒரு வாரம் முன்னாலேயே பொதிகை எக்ஸ்பிரஸில் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போங்கள். லீவு கிடைக்காவிட்டால் நான்கு நாளாவது. வீட்டுச் சாவி அம்மா கையில் இருக்கட்டும். கடைச் சாமான்களை நீங்கள் எடுத்து அடுக்காதீர்கள், 'இதை எங்கம்மா வைக்கிறது?' என்று கேளுங்கள். மெஷினுக்கு எண்ணெய் போட வேண்டும், எங்கெங்கே போடுவது என்று கேளுங்கள். முகத்தைப் பார்த்து 'எப்படி இருக்கீங்க' என்று கேட்டால் வாயை மூடிக்கொள்கிறவர்கள், கையில் ஒரு வேலை இருக்கும்போது தானாகப் பேசுவதை நான் பல குடும்பங்களில் பார்த்திருக்கிறேன். பேசாவிட்டாலும் பரவாயில்லை. அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்து உட்காரும்போது நீங்கள் கொஞ்சம் தள்ளி இருங்கள். உங்கள் முன்னால் அழக்கூடாது என்று அம்மா ஒரு வருஷமாக அடக்கிக்கொண்டிருக்கலாம். நீங்களும் அவர் முன்னால் அப்படித்தான் இருந்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

'ஒரு வருஷம் ஆச்சு, மறந்துட்டு மேலே பாருங்க' என்று யாராவது சொன்னால் கேட்டுக்கொள்ள வேண்டாம். துக்கம் ஐந்து படிகளில் இறங்கித் தீரும் என்று பரவலாகச் சொல்லப்படுகிறதே, அது 1969-ல் எலிசபெத் கூப்ளர்-ராஸ் என்ற மனநல மருத்துவர் எழுதியதிலிருந்து வந்தது. அவர் கவனித்தது சாவை எதிர்நோக்கியிருந்த நோயாளிகளை. இழந்தவர்களுக்கு அதைப் பிறகுதான் பொருத்தினார்கள், எல்லாருக்கும் அது பொருந்தவும் இல்லை. 1996-ல் மூன்று அமெரிக்க ஆய்வாளர்கள், இறந்தவரோடு உறவு முடிவதில்லை, வேறு வடிவத்தில் தொடர்கிறது, அது நோய் அல்ல என்று எடுத்துச் சொன்னார்கள். அமாவாசைக்குக் காக்கைக்குச் சோறு வைக்கிற நமக்கு இது புதிது இல்லை. 1999-ல் நெதர்லாந்தில் ஸ்ட்ரோபே, ஷூட் என்ற இருவர் சொன்னது எனக்கு வேலையில் மிகவும் உதவுகிறது. இழந்தவர் ஒரு நேரம் துக்கத்துக்குள் போவார், ஒரு நேரம் அதைவிட்டு விலகிக் கரண்ட் பில், பேரன் ஸ்கூல் என்று இருப்பார். இப்படி மாறி மாறிப் போய்வருவதே இயல்பு. அம்மாவின் 'விடு பிள்ள' அந்த விலகும் நேரமாக இருக்கலாம்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். ஏறக்குறைய தினமும் அதே ஏக்கம், சாப்பாடு குறைவது, தூக்கம் போவது, குளிப்பதற்கும் மனசில்லாமல் இருப்பது, 'நானும் போயிட்டா நல்லது' என்ற பேச்சு, இவை தெரிந்தால் காத்திருக்க வேண்டாம். நீடித்த துக்கம் என்பதை உலக சுகாதார நிறுவனம் இப்போது தனி நோயாகவே வகைப்படுத்தியிருக்கிறது. ஆறு மாதம் தாண்டியும் தணியாமல் வாழ்க்கையை முடக்கினால் அதற்குச் சிகிச்சை உண்டு. அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-ல் 24 மணி நேரமும் இலவசமாகத் தமிழில் பேசலாம். இது உங்களுக்கும் சேர்த்துத்தான்.

இனி புத்தகம். குரோம்பேட்டையில் மேஜை முன்னால் உட்கார்ந்தால் அது வராது. அப்பாவிடம் காஜா எடுத்துப் பழகிய பையன் யாராவது இருப்பார், இப்போது தனிக்கடையே வைத்திருக்கலாம். ஊருக்குப் போனதும் அவரைத் தேடிப் போங்கள். 'அப்பா எப்படிப்பட்டவர்' என்று கேட்டால் 'தங்கமான மனுஷன்' என்பார், அதோடு முடிந்துவிடும். 'முதல் நாள் எதுக்குத் திட்டினார்?' என்று கேளுங்கள். 'எந்தத் துணியை வெட்ட விடவே மாட்டார்?', 'மத்தியானம் கடையில் என்ன செய்வார்?', 'யாரிடம் கூலி வாங்க மாட்டார்?' என்று கேளுங்கள். எதிர்க்கடை டீ மாஸ்டர், யூனிஃபார்ம் ஆர்டர் கொடுத்த பள்ளிக்கூடத்து வாத்தியார், ஆடித்தபசுக் கூட்டத்தில் கூட நின்ற நண்பர் என்று ஒவ்வொருவரிடமும் ஒரு துண்டு இருக்கும். போனில் பதிவு செய்துகொள்ளுங்கள், அனுமதி கேட்டுவிட்டு. நான்கு நாளில் உங்களுக்குத் தெரியாத அப்பா ஒருவர் உருவாகி நிற்பார். பழைய போட்டோக்களில் இருப்பவர்கள் யார் யார் என்று அம்மாவிடமும் பெரியவர்களிடமும் கேட்டு, பின்பக்கம் மென்மையான பென்சிலால் எழுதுங்கள். பேனா வேண்டாம், மை ஊறிவிடும்.

புத்தகம் எட்டுப் பக்கம் இருந்தாலும் போதும். சிரிப்பு வரும் இடங்களை எடுத்துவிடாதீர்கள். நினைவு நாளில் சிரிப்பது அவமரியாதை இல்லை. அவர் ஏதோ சொன்னதை நினைத்து நாலு பேர் சிரித்தால், அந்த நேரம் அவர் அங்கே இருக்கிறார் என்றே நான் நம்புகிறேன்.

அண்ணன் விஷயம். அந்த இரண்டு வருஷத்தை எழுதலாமா என்பது உங்கள் முடிவு அல்ல, அவருடையது. கேளுங்கள். எழுதலாம் என்றால் அவரையே எழுதச் சொல்லுங்கள், எப்படிப் பேச ஆரம்பித்தார்கள் என்பதையும் சேர்த்து. வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். அதற்காக அப்பாவுக்குக் கோபமே வராது என்று மட்டும் எழுத வேண்டாம், தெரிந்தவர்கள் படித்தால் நம்ப மாட்டார்கள். அப்புறம், பெரிய விளம்பரம் போட வேண்டும் என்று அவர் நிற்பதை வெறும் ஆடம்பரம் என்று நினைக்காதீர்கள். பேசாமல் போன அந்த இரண்டு வருஷத்துக்கு அவர் ஏதோ ஈடு செய்யப் பார்க்கிறார் என்று தோன்றுகிறது. நோட்டுகளைப் போட்டுவிடலாம் என்பதும் அவற்றைப் பார்க்க முடியாததால் இருக்கலாம். விளம்பரம் வரட்டும். வாசகத்தை மட்டும் இரண்டு பேரும் சேர்ந்து மாற்றுங்கள். நான் எழுதுவதாக இருந்தால் இப்படி எழுதுவேன்:

'சங்கரன்கோவிலில் 38 ஆண்டுகள் சட்டை தைத்தார். வளரும் பிள்ளைகளுக்கு இரண்டு அங்குலம் துணி உள்ளே விட்டுத் தைத்தார். பிரித்துக் கொடுக்கக் காசு வாங்கியதில்லை. அவர் தைத்ததைப் போட்டுப் பள்ளிக்கூடம் போனவர்கள் அன்று வீட்டுக்கு வந்தால் மகிழ்வோம். மனைவி, மகன், மகள்.'

அச்சுக்குக் கொடுக்கும் முன் அம்மாவிடம் வாசித்துக் காட்டுங்கள். அவர் ஒரு சொல்லை மாற்றச் சொன்னால் மறுபேச்சு இல்லாமல் மாற்றிவிடுங்கள்.

கடைசியாக அந்த நோட்டுகள். ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு பெயர், பக்கத்தில் நீளம், தோள், கை, மார்பு, கழுத்து, இடுப்பு என்று எண்கள் இருக்கும். யாருக்கு எப்போது தைத்தார், ஒரு பையன் எத்தனை வருஷத்தில் எவ்வளவு வளர்ந்தான், யார் இளைத்தார், யார் பருத்தார், யார் பெயர் ஒரு வருஷத்தோடு நின்றுபோனது எல்லாம் அதில் இருக்கும். 38 வருஷம் ஒரு ஊரைத் தொட்டு அளந்து அவர் கைப்பட எழுதியது. புத்தகத்தின் அட்டைக்குள் ஒரு பக்கத்தை அப்படியே அச்சிடலாம், தெரிந்தவர்களிடம் கேட்டுக்கொண்டு. ஈரம் படாமல், வெயில் படாமல் ஒரு பெட்டியில் வையுங்கள்.

அண்ணனும் நீங்களும் சேர்ந்து அவற்றைப் பிரித்துப் பாருங்கள். மே மாதப் பக்கங்களை நிதானமாகப் பாருங்கள். பள்ளி திறப்பதற்கு முன்னால் யூனிஃபார்ம் தைக்கிற மாதம் அது. ஊர்ப் பிள்ளைகளின் பெயர்களுக்கு நடுவே உங்கள் இரண்டு பேருடைய அளவும் இருக்கலாம், ஒன்றாம் வகுப்பிலிருந்து.